இன்ஜின் கத்துது... வண்டி நகரல! கார் ‘ஸ்லிப்’ ஆகுதா? வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கலாம்!

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். இன்ஜின் சத்தம் ஏறுகிறது. ஆர்பிஎம் முள் 2,000-லிருந்து 3,500-க்குத் தாவுகிறது. ஆனால், ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் ‘எனக்கென்ன வந்தது’ என்று 50-லேயே உட்கார்ந்திருக்கிறது. பின்னால் வரும் லாரி டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஏசி வழியாக ஏதோ கருகிய வாடை வேறு!

இதைத்தான் ‘கியர் ஸ்லிப் ஆகுது’, ‘பாக்ஸ் வழுக்குது’, ‘பிளேட் போச்சு’ என்று ஆளுக்கொரு பெயரில் சொல்கிறோம். கேட்க எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும், பில் வரும்போது ஒன்றல்ல. கிளட்ச் பிளேட் மாற்றுவது ஒரு செலவு. கியர்பாக்ஸைப் பிரித்து மேய்வது அதைப்போலப் பல மடங்கு செலவு. சில சமயம், ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் இருந்தால் தீர்ந்துபோகும் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டுக்குக்கூட ‘பாக்ஸை இறக்கித்தான் சார் பார்க்கணும்’ என்று பதில் வரும். வழுக்குவது எது என்று ஓனருக்குத் தெரிந்திருந்தால், அந்த உரையாடலே வேறு மாதிரி இருக்கும்.

வழுக்குவது எது?

வீட்டில் வெட் கிரைண்டர் இருக்கிறதா? பழைய கிரைண்டரில் பெல்ட் லூஸானால் என்ன நடக்கும்? மோட்டார் ஓடும், கல் சுற்றாது. மாவு அப்படியே கிடக்கும், ரப்பர் கருகும் வாடை மட்டும் வரும். காரில் நடப்பதும் ஏறக்குறைய இதேதான்.

மேனுவல் காரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருப்பது கிளட்ச். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான ஃப்ளைவீல் ஒரு பக்கம், ஸ்பிரிங் விசையோடு அழுத்தும் பிரஷர் பிளேட் மறு பக்கம். இரண்டுக்கும் நடுவில் சாண்ட்விச் மாதிரி மாட்டிக்கொண்டிருப்பதுதான் கிளட்ச் பிளேட். கால் எடுத்தால் மூன்றும் ஒன்றாக இறுகிச் சுற்றும். பெடலை மிதித்தால் பிடி விடும். அந்தப் பிளேட்டின் இரு பக்கமும் இருக்கும் உராய்வுப் பட்டை தேய்ந்தாலோ, அதில் ஆயில் பட்டாலோ, ஸ்பிரிங் முழுசாக அழுத்த முடியாமல் போனாலோ... பிடி தளரும். இன்ஜின் ஒரு வேகத்தில் சுற்றும், கியர்பாக்ஸ் வேறு வேகத்தில் சுற்றும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மேனுவல் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பற்சக்கரங்கள் ‘வழுக்காது’. பல்லோடு பல் கோத்திருக்கும். ஒன்று, சேர்ந்து சுற்றும், இல்லையென்றால் உடையும், அல்லது கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். ஆக, கியர் போட்டது போட்டபடி இருந்து, இன்ஜின் மட்டும் கத்தினால் சந்தேகப்பட வேண்டியது கிளட்ச்சை. கியர் லீவரே தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்தால், அது கியர்பாக்ஸ், கியர் கேபிள் அல்லது இன்ஜின் மவுன்ட் விவகாரம். இரண்டையும் ‘கியர் ஸ்லிப்’ என்றே சொல்வதால்தான் பாதிக் குழப்பம்.

இன்னொன்று... பிக்-அப் இல்லை, ஆனால் ஆர்பிஎம்மும் ஏறவில்லை என்றால் அது ஸ்லிப்பே இல்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, எரிபொருள் சப்ளை, டர்போ ஹோஸ் லீக் என்று இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டிய கேஸ். இரண்டு முள்களும் சேர்ந்து சோம்பினால் இன்ஜின். ஒன்று ஓடி, ஒன்று நின்றால் ஸ்லிப். ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வேரியன்ட் என்றால், காதுதான் மீட்டர்.

பார்க்கிங்கில் ஒரு டெஸ்ட், ரோட்டில் ஒரு டெஸ்ட்

முதல் டெஸ்ட்டுக்கு சமதளமான இடம் வேண்டும். முன்னால் சில மீட்டருக்குச் சுவரோ, ஆளோ, பக்கத்து வீட்டு பைக்கோ இருக்கக் கூடாது. ஹேண்ட்பிரேக்கை இறுக்கமாக இழுத்துவிடுங்கள். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார்களில் அது தானாக ரிலீஸ் ஆகிவிடலாம் என்பதால், வலது கால் பிரேக் பெடலை விட்டு எழவே கூடாது. மற்ற கார்களிலும் அப்படிச் செய்வதே நல்லது. இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சை முழுசாக மிதித்து, நான்காவது கியர் போடுங்கள். இப்போது கிளட்ச்சை மெதுவாக விடுங்கள்.

நல்ல கிளட்ச் என்றால் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி ஆஃப் ஆகிவிடும். முழுசாக விட்ட பிறகும் இன்ஜின் ஜாலியாக ஓடிக்கொண்டிருந்தால், பிளேட் ஏறக்குறைய முடிந்தது என்று அர்த்தம். ஒரு தடவை, மிஞ்சிப் போனால் இரண்டு தடவை போதும். ‘நல்லா பார்த்துடுவோம்’ என்று ஏழெட்டு முறை செய்தால், மிச்சமிருக்கும் பிளேட்டையும் நீங்களே கருக்கிவிடுவீர்கள்.

ஆனால், ஆஃப் ஆகிவிட்டது என்பதற்காக ‘பாஸ்’ என்று சந்தோஷப்பட வேண்டாம். ஐடிலிங்கில் இன்ஜினின் விசை குறைவு. அரைகுறையாகத் தேய்ந்த பிளேட்கூட அதைத் தாங்கிவிடும். அதனால்தான் இரண்டாவது டெஸ்ட்.

காலியான, நேரான ரோடு. லேசான ஏற்றம் இருந்தால் இன்னும் நல்லது. இன்ஜின் நன்றாகச் சூடானதும், நான்காவது கியரில் 45-50 கி.மீ வேகத்தில் சீராகப் போங்கள். பிறகு ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று முழுசாக மிதியுங்கள். நல்ல கிளட்ச்சில் ஆர்பிஎம்மும் வேகமும் கைகோத்துக்கொண்டு ஏறும். ஸ்லிப் ஆகும் கிளட்ச்சில் ஆர்பிஎம் முதலில் தாவிக் குதிக்கும், வேகம் பின்னால் நொண்டியபடி வரும். இதை டெஸ்ட் செய்யும்போது பக்கத்தில் ஒரு நண்பரை உட்கார வைத்து, மீட்டர் கன்சோலை மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ‘எப்பவாவது ஒரு தடவை பண்ணுது அண்ணே’ என்று மெக்கானிக்கிடம் விளக்குவதைவிட, அந்தப் பத்து விநாடி வீடியோ ஆயிரம் மடங்கு உபயோகம். நீங்களே ஓட்டிக்கொண்டு நீங்களே எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

வேறு சில அறிகுறிகளும் உண்டு. பல கார்களில் பிளேட் தேயத் தேய, கிளட்ச் பிடிக்கும் இடம் மேலே ஏறிக்கொண்டே போகும். முன்பெல்லாம் பாதியில் பிடித்த கிளட்ச், இப்போது கால் கிட்டத்தட்ட முழுசாக எழுந்த பிறகுதான் பிடிக்கிறது என்றால் கவனியுங்கள். நான்கு பேரும் லக்கேஜும் ஏறினால் மட்டும் திணறுவது, ஏசி போட்டு மேம்பாலம் ஏறினால் மட்டும் கத்துவது எல்லாம் ஆரம்பகட்ட ஸ்லிப்தான். ஸ்லிப் எப்போதும் டாப் கியரில், அதிக லோடில்தான் முதலில் எட்டிப் பார்க்கும். ஃபர்ஸ்ட் கியரிலேயே தெரிகிறது என்றால் தாமதமாக வந்திருக்கிறீர்கள்.

ஸ்பேனரால் தீரும் ஸ்லிப்

இப்போது வீட்டில் செய்யக்கூடிய வேலைக்கு வருவோம். முதலில் குனிந்து, கிளட்ச் பெடலைப் பாருங்கள். மேட் சுருண்டு, பெடல் முழுசாக மேலே வராமல் தடுக்கிறதா? கையால் பெடலை விரல் நுனியில் அழுத்திப் பாருங்கள். கேபிள் கிளட்ச் உள்ள கார்களில், ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் லொடலொடவென்று இறங்க வேண்டும். இதுதான் ‘ஃப்ரீ பிளே’. பெரும்பாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இருக்கும். உங்கள் காருக்கான சரியான அளவு, க்ளோவ் பாக்ஸில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் கிடக்கும் ஓனர்ஸ் மேனுவலிலோ, சர்வீஸ் மேனுவலிலோ இருக்கும்.

மாருதி 800, ஆல்ட்டோ போன்ற சின்ன கார்களில் கேபிள் கிளட்ச்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே தானாகக் குறைந்துகொண்டே வரும். ஒருகட்டத்தில் அது பூஜ்யமாகிவிட்டால், நீங்கள் பெடலைத் தொடாமலேயே ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டிருக்கும். அதாவது, காரே ஹாஃப் கிளட்ச்சில் ஓடும்! பிளேட்டில் இன்னும் பட்டை மிச்சம் இருந்தும் ஸ்லிப் ஆவது இப்படித்தான். இதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதே இல்லை.

இன்ஜின் ஆஃப் ஆகி ஆறியிருக்க வேண்டும். கியர் நியூட்ரலில், சக்கரத்துக்குக் கல் அல்லது கட்டை வைத்துவிடுங்கள். பானெட்டைத் திறந்து, கிளட்ச் கேபிள் எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்தால், கியர்பாக்ஸ் மேல் இருக்கும் ஒரு சின்ன லீவரில் போய் முடியும். அங்கே மரை போட்ட முனையும் ஒரு அட்ஜஸ்டிங் நட்டும் இருக்கும். கேபிள் தளரும் பக்கமாக நட்டைத் திருப்பினால் ஃப்ரீ பிளே கூடும். ஒரே மூச்சில் திருகாமல், ஓரிரு சுற்றுக்கு ஒருமுறை பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். சரியானதும் ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். ‘கர்ர்’ என்று சத்தம் வந்தால் அளவுக்கு மீறித் தளர்த்திவிட்டீர்கள், கொஞ்சம் இறுக்குங்கள். சில கார்களில் கேபிள் தானாகவே அட்ஜஸ்ட் ஆகும் வகை. அங்கே நட்டைத் தேடி அலைய வேண்டாம்.

மரை முழுக்கத் தீர்ந்துபோய், இனி அட்ஜஸ்ட் செய்ய இடமே இல்லை என்றால், பிளேட் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அந்த நட்டே சொல்லிவிடும்.

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள கார்களில் அட்ஜஸ்ட் செய்ய பெரிதாக எதுவும் இல்லை. பெரும்பாலான கார்களில் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்தேதான் கிளட்ச்சுக்கும் ஆயில் போகிறது. அது குறைந்தால் வருவது பெரும்பாலும் ஸ்லிப் அல்ல. கியர் விழாமல் கரகரப்பதுதான். ஆனால், யாராவது அவசரத்தில் பிரேக் ஆயில் டப்பாவில் பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ, இன்ஜின் ஆயிலையோ ஊற்றிவிட்டால் கதை வேறு. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப்போய், பிரஷர் முழுசாகத் திரும்பாமல் நிற்கும், கிளட்ச் வழுக்கும். அதே ஆயில்தான் பிரேக்குக்கும் போகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். டப்பா மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். வேறு ஏதோ ஊற்றப்பட்டிருக்கிறது என்று சந்தேகம் வந்தால், வண்டியை ஓட்டவே வேண்டாம். டோ செய்து எடுத்துப் போங்கள்.

அட்டைப் பெட்டி சொல்லும் உண்மை

ஆன்லைன் ஆர்டரில் வந்த அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து, இரவு முழுக்க இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நேர் கீழே போட்டு வையுங்கள். காலையில் இரண்டும் சேரும் இடத்துக்குக் கீழே சொட்டு விழுந்திருந்தால், பிளேட்டில் ஆயில் பட வாய்ப்பு அதிகம். கறுப்பாக, வழக்கமான ஆயில் வாடை என்றால் இன்ஜினின் பின்பக்க கிராங்க் ஆயில் சீல். கெட்டியாக, கந்தகம் கலந்த அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் கியர் ஆயில். ஏசி தண்ணீர் சொட்டியிருந்தால் அதற்குப் பயப்படத் தேவையில்லை.

ஆயில் குடித்த பிளேட்டைத் துடைத்து, பெட்ரோலில் கழுவி மறுபடி போடும் வழக்கம் சில ஷெட்களில் உண்டு. நான் அதற்கு ஆதரவில்லை. உராய்வுப் பட்டை பஞ்சு மாதிரி ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும். சூடானதும் மறுபடி கக்கும். அதைவிட முக்கியம், சீலை மாற்றாமல் புது பிளேட் போடுவது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

சென்னைவாசிகளுக்கு ஒரு தனி பாரா. 2015 வெள்ளம், 2023 மிக்ஜாம் மாதிரி சமயங்களில் முழங்கால் தண்ணீரில் ஓட்டிவிட்டு வந்ததும் கிளட்ச் வழுக்கினால் உடனே பதற வேண்டாம். கிளட்ச் இருக்கும் அறை தண்ணீர் புகாதபடி அடைக்கப்பட்டது அல்ல. லேசாக நனைந்திருந்தால், கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டக் காய்ந்துவிடும். பார்க்க வேண்டியது கியர் ஆயிலை. பால் கலந்த டீ மாதிரி நிறம் மாறியிருந்தால், உள்ளே தண்ணீர் போய்விட்டது, உடனே மாற்றுங்கள். நனைந்த காரை மாதக்கணக்கில் அப்படியே நிறுத்தினால் துரு பிடித்து பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது வருவது நேர்மாறான பிரச்னை. பிடி விடவே விடாது.

பெடல் இல்லை... ஆனால் கிளட்ச் இருக்கு!

2014-ல் மாருதி செலெரியோவில் வந்ததிலிருந்து ஏஎம்டி நம் ஊரில் சக்கைப்போடு போடுகிறது. முதல் கார் வாங்கும் நிறைய பேர் இதைத்தான் எடுக்கிறார்கள். ‘ஆட்டோமேட்டிக்தானே, கிளட்ச் தொல்லை இல்லை’ என்ற நினைப்பு தவறு. ஏஎம்டி என்பது அச்சு அசல் மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதே கிளட்ச் பிளேட், அதே பிரஷர் பிளேட். உங்கள் இடது காலுக்குப் பதிலாக ஒரு ஆக்சுவேட்டர் மிதிக்கிறது, அவ்வளவுதான்.

அதனால், ஏற்றத்தில் பிரேக் மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரை லேசாகக் கொடுத்தே காரை நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால், அந்த நிமிடமெல்லாம் பிளேட் அரைபட்டுக்கொண்டிருக்கிறது. பம்பர் டு பம்பர் டிராஃபிக்கில் அங்குலம் அங்குலமாக ஊர்வதும் அப்படியே. கொஞ்சம் இடைவெளி விட்டு, இடம் கிடைத்ததும் ஒரேயடியாக நகருங்கள். நடுவில் ஆட்டோ புகுந்துவிடும்தான். புகுந்துவிட்டுப் போகட்டும்.

ஏஎம்டியில் கியர் மாறும்போது ஆர்பிஎம் தேவையில்லாமல் எகிறுவது, ஏற்றத்தில் கருகிய வாடை வருவது ஆகியவை பிளேட் தேய்மானத்தின் அடையாளங்கள். கியர் இண்டிகேட்டர் மினுக்குவது, திடீரென்று நியூட்ரலுக்குப் போவது போன்றவற்றுக்கு மட்டும் உடனே பிளேட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். ஆக்சுவேட்டர் கரன்ட்டில் இயங்குவது. பேட்டரி வீக் என்றாலும் இந்தச் சேட்டையெல்லாம் வரும். முதலில் பேட்டரி டெர்மினலைச் சுத்தம் செய்து, வோல்டேஜ் பாருங்கள். இன்ஜின் ஆஃபில் 12.4-12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி ஓகே. ஏஎம்டியில் புது கிளட்ச் போட்டால், ஸ்கேனர் மாட்டி அதன் பிடிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த ஸ்கேனர் இல்லாத ஷெட்டில் ஏஎம்டி கிளட்ச் வேலையே கொடுக்காதீர்கள்.

டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, டிசிடி

இந்த மூன்றிலும் வீட்டில் செய்ய முடிவது குறைவு. தவறாகச் செய்ய முடிவது நிறைய!

டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில், ஆயில்தான் உள்ளே இருக்கும் கிளட்ச்களை பிரஷரால் அழுத்திப் பிடிக்கிறது. ஆயில் குறைந்தால் பிரஷர் குறையும்; ஸ்லிப் வரும். டி-க்கு மாற்றிய பிறகும் ஓரிரு விநாடி யோசித்துவிட்டு ‘டொக்’ என்று நகர்வது, வளைவில் திரும்பும்போது மட்டும் ஒரு கணம் நியூட்ரல் ஆனது போல இருப்பது எல்லாம் ஆயில் குறைவின் அடையாளமாக இருக்கலாம். டிப்ஸ்டிக் இருந்தால் பாருங்கள். பெரும்பாலான கார்களில் இன்ஜின் சூடாகி, ஓடிக்கொண்டிருக்கும்போது, சமதளத்தில், பார்க் பொசிஷனில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் பழைய ஆட்டோமேட்டிக்குகளில் இன்ஜினை ஆஃப் செய்தவுடன் பார்க்க வேண்டும். இதனால்தான் மேனுவலைப் படிக்கச் சொல்வது. ஆயிலை வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விடுங்கள். பல கார்களில் புது ஆயில் சிவப்பாக இருக்கும். காபி டிகாக்‌ஷன் நிறமாகி, கருகிய வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் பட்டைகள் தேய்ந்திருக்கின்றன.

இப்போது வரும் பல கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. காரைச் சமமாக உயர்த்தி, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது கீழே உள்ள பிளக்கைத் திறந்து அளவு பார்க்க வேண்டும். இது ஒர்க்‌ஷாப் வேலை. குத்துமதிப்பாக அரை லிட்டர் ஊற்றிவிட்டால், அதிகமான ஆயில் நுரைத்து, அதுவே ஸ்லிப்பை உண்டாக்கும். ‘ஊற்றினால் ஸ்லிப் போய்விடும்’ என்று விற்கும் பாட்டில்கள் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. தேய்ந்துபோன பட்டையை எந்தத் திரவமும் மறுபடி முளைக்க வைக்காது.

சிவிடி வைத்திருப்பவர்களில் பலருக்கு வரும் சந்தேகம் வேறு. மிதித்தால் இன்ஜின் ‘ஊஊஊ’ என்று கத்தும், வேகம் பின்னாலேயே நிதானமாக வரும். இது ஸ்லிப் இல்லை. சிவிடியின் குணமே அதுதான். உங்கள் வீட்டு ஆக்டிவாவில் இருப்பதும் சிவிடிதானே? அதுவும் அப்படித்தான் கத்தும். பயப்பட வேண்டியது, ஒரே வேகத்தில் சீராகப் போகும்போது, கால் அசையாமல் இருந்தும் ஆர்பிஎம் தானாக ஏறி இறங்கினால். சிவிடிக்கு சிவிடி ஆயில்தான். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் பெல்ட்டும் புல்லியும் காலி.

டிசிடியில் டிரை கிளட்ச் வகை என்றால், ஊர்ந்து போகும் டிராஃபிக்கும் ஏற்றமும் சேர்ந்தால் சூடாகும். ‘டிரான்ஸ்மிஷன் ஹாட்’ என்று வார்னிங் வந்தால் ஓரம் கட்டி, பார்க்கில் போட்டு ஆறவிடுங்கள். அந்த வார்னிங்கோடு அடம்பிடித்து ஓட்ட வேண்டாம்.

ஓபிடி ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால், போனிலேயே எரர் கோடு பார்க்கலாம். பி0700 என்றால் ‘டிரான்ஸ்மிஷனில் ஏதோ பிரச்னை’ என்ற பொதுவான அறிவிப்பு. பி0730 என்றால், போட்ட கியருக்கும் சுற்றும் வேகத்துக்கும் கணக்கு உதைக்கிறது. அதாவது ஸ்லிப் சந்தேகம். பி0740 டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் சர்க்யூட் சம்பந்தப்பட்டது. கோடை அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

மலையில் வழுக்கினால்..?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியில் கிளட்ச் கருகினால் என்ன செய்வது? அடுத்த வளைவில் நிறுத்திக்கொள்ளலாம் என்று இழுக்காமல், பாதுகாப்பாக ஒதுங்க இடம் கிடைத்த உடனே நிறுத்துங்கள். பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூட்டில் பிடி விட்ட பிளேட், ஆறினால் கொஞ்சம் பிடிக்கும். அது குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்திருக்கிறது, அவ்வளவே.

‘இவ்வளவு தூரம் வந்துட்டோம், மேலே போயிடலாம்’ என்ற பேச்சு காருக்குள் கண்டிப்பாக எழும். மறுத்துவிடுங்கள். ஏறுவது மட்டும்தான் பிரச்னை என்று நினைக்கிறோம். இறங்கும்போது லோ கியரில் இன்ஜின்தான் வண்டியைப் பிடித்து இழுக்க வேண்டும். கிளட்ச் வழுக்கினால் அந்தப் பிடியை நம்ப முடியாது. மொத்த பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடாகி வேலை செய்யாமல் போகும் ஆபத்து உண்டு. குடும்பத்தோடு இருக்கும்போது எடுக்கக் கூடாத ரிஸ்க் இது. டோ வண்டியைக் கூப்பிடுங்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது உள்ளே ஆயில் பம்ப் ஓடாது. இழுக்கும் தூரம் முழுக்கக் காய்ந்தபடி சுற்றி, மிச்சமிருக்கும் கியர்பாக்ஸும் போய்விடும். சக்கரம் தரையில் படாத ஃப்ளாட்பெட்தான் சரி.

ஷெட்டில் கேட்க வேண்டியவை

கிளட்ச் மாற்றுவதை யூடியூப் பார்த்து வீட்டில் செய்யலாமா என்று கேட்டால், என் பதில் வேண்டாம் என்பதுதான். கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இன்ஜினுக்குத் தனியாக முட்டுக் கொடுக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் படுப்பது உயிரோடு விளையாட்டு.

ஷெட்டில், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகவே மாற்றச் சொல்லுங்கள். பிளேட் மட்டும் மாற்றி மிச்சம் பிடிப்பது போலித்தனமான லாபம். பேரிங் போனால் அதே லேபரை இன்னொரு முறை தர வேண்டும். கியர்பாக்ஸ் இறங்கியதும், ஃப்ளைவீலை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நீலம் பாரித்திருந்தாலோ, மயிரிழை விரிசல்கள் தெரிந்தாலோ, அதை அப்படியே விட்டு புது பிளேட் போட்டால் நடுங்கும். லேத்தில் கொடுத்துச் சீர்செய்யலாமா, மாற்ற வேண்டுமா என்பதை அப்போதே பேசிவிடுங்கள். ஆயில் சீல் ஈரமாக இருந்தால், கையோடு மாற்றிவிடுங்கள். பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்குங்கள். உராய்வுப் பட்டை ரிவெட் தலை வரை தேய்ந்திருந்தால், அந்தச் செலவு நியாயமானது. பட்டை தடிமனாக, காய்ந்து இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கிளட்ச் பிளேட் தேய்மானப் பொருள் என்பதால், பொதுவாக வாரன்ட்டியில் வராது. ஆனால், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வாரன்ட்டிக்குள் இருந்தால் வெளியே யாரையும் தொடவிடாதீர்கள்.

யூஸ்டு கார் வாங்கப் போகிறவர்கள் அந்த நான்காவது கியர் ரோடு டெஸ்ட்டை மறக்காமல் செய்யுங்கள். விற்பவர் முன்கூட்டியே ஏசியை ஆஃப் செய்து, சமதளத்தில் மட்டும் ஓட்டிக் காட்டினால், சிரித்துக்கொண்டே ஏசியைப் போட்டு, பக்கத்து மேம்பாலத்துக்கு வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். கிளட்ச் முடியும் நிலையில் இருந்தால், காரை வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. கிளட்ச் செட், லேபர் இரண்டுக்கும் ஷெட்டில் விலை விசாரித்துவிட்டு, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆட்டோமேட்டிக்கில் அதே அறிகுறி இருந்தால், என்ன விலை குறைத்தாலும் வேறு கார் பாருங்கள்.